கண்ணீர் சாட்சி சொல்லுமா?

அழுதால் நடிப்பு என்கிறோம்; அழாவிட்டால் அக்கறை இல்லை என்கிறோம். ஆட்டக்காரரின் முகத்தை வைத்து அவர் மனதை எடைபோடும் நம் பழக்கத்தை, ரியாத்தின் பத்தாவில் நின்று பார்க்கிறது இந்தக் கட்டுரை.

2024 மே 31, வெள்ளிக்கிழமை இரவு. ஜித்தாவில் மன்னர் கோப்பை இறுதிப் போட்டி. மோதிய இரண்டும் ரியாத் அணிகள்: அல் ஹிலால், அல் நஸ்ர். 7-வது நிமிடத்திலேயே மிட்ரோவிச் ஹிலாலுக்காக கோல் போட்டார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், 88-வது நிமிடத்தில், நஸ்ரின் அய்மன் யஹ்யா அதைச் சமன் செய்தார். சிவப்பு அட்டைகள் பறந்தன. கூடுதல் நேரத்திலும் முடிவு வராமல் பெனால்டிக்குப் போனது. 5-4 என்று ஹிலால் வென்றது.

கிறிஸ்டியானோ ரொனால்டோ தன் பெனால்டியைச் சரியாகவே அடித்திருந்தார். ஆனால் தோல்வி உறுதியானதும் அவர் தரையில் சரிந்தார். பிறகு ஓரத்தில் உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதார். அப்போது அவருக்கு வயது 39. அந்த சீசனில் மட்டும் லீக்கில் 35 கோல்கள் அடித்து, சவுதி லீக்கின் பழைய சாதனையை அதே வாரத்தில்தான் முறியடித்திருந்தார். உலகில் அவர் வாங்காத பரிசு குறைவு. அப்படிப்பட்டவர் ஓர் உள்நாட்டுக் கோப்பைக்காகச் சிறுபிள்ளைபோல் அழுத காட்சி, சில நிமிடங்களில் கைப்பேசிகள் எங்கும் ஓடியது.

உடனே இரண்டு கட்சி. “இவ்வளவு சம்பாதிச்சும் தோல்வியைத் தாங்க முடியல பாரு, அதான் ஆட்டத்து மேல இருக்கிற வெறி” என்றது ஒன்று. “கேமரா இருக்குன்னு தெரிஞ்சு அழறான், வாங்குற காசுக்கு நடிக்கிறான்” என்றது மற்றது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன: முகத்தைப் பார்த்தால் அக்கறையின் அளவு தெரிந்துவிடும். அந்த நம்பிக்கையே தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதைச் சொல்வதற்கு பத்தாவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பத்தாவின் வெள்ளிக்கிழமை

ரியாத்தின் பழைய வணிகப் பகுதி பத்தா. நகரம் வடக்கே கண்ணாடிக் கோபுரங்களாக வளர்ந்துகொண்டே போனாலும், உழைக்க வந்தவர்களின் தலைநகரம் இன்னும் இதுதான். மலையாளி, தமிழர், வங்காளி, நேப்பாளி, பாகிஸ்தானி, பிலிப்பினோ, யேமனி என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சந்து, ஒரு மெஸ், ஒரு மொபைல் கடை. 2024 டிசம்பரில் ரியாத் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, முதலில் திறந்த தடங்களில் ஒன்றான நீலத் தடம் ஒலய்யாவிலிருந்து பத்தாவுக்குத்தான் வந்தது. அதற்கு முன்பும் வெள்ளிக்கிழமை என்றால் கம்பெனி வண்டிகளும் டாக்ஸிகளும் ஆட்களை இங்கேதான் கொண்டுவந்து இறக்கும். சம்பளத்தை ஊருக்கு அனுப்ப, நாலு சாமான் வாங்க, ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட, ஊர்க்காரன் ஒருவனைப் பார்த்துப் பேச.

கடை வாசல்களில் மஞ்சள் நஸ்ர் ஜெர்ஸியும் நீல ஹிலால் ஜெர்ஸியும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். சென்னையின் மஞ்சளும் எப்படியாவது ஒரு மூலையில் இருக்கும். இங்கே பந்தாட்டப் பேச்சும் கிரிக்கெட் பேச்சும் ஒரே டீயோடு ஓடும்.

அந்தப் பேச்சுக்கு நடுவில் கைப்பேசி அடித்தால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதுகு வலியோடு, இரண்டு மாதச் சம்பளப் பாக்கியோடு, தூக்கமில்லாத கண்ணோடு உட்கார்ந்திருப்பவர், ஐமோவில் பிள்ளையின் முகம் தெரிந்ததும் சிரிப்பார். “அப்பா நல்லா இருக்கேன்டா” என்பார். கால் முடிந்ததும் அந்தச் சிரிப்பும் முடியும். இன்னொருவர், ஊரிலிருந்து தாய் இறந்த சேதி வந்த அன்றும் டூட்டிக்குப் போயிருப்பார். இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி, ரீ-என்ட்ரி விசா, டிக்கெட் எதுவும் அந்த நேரத்துக்குக் கைகூடியிருக்காது. அவர் அழவில்லை என்பதால் தாய்மேல் பாசமில்லை என்று பத்தாவில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வாய் வராது. பாதிப் பேருக்கு அது சொந்தக் கதை.

இந்த அறிவு உள்ள மனிதர்களே, டிவியில் ஓர் ஆட்டக்காரர் தோற்றுவிட்டுச் சாதாரணமாக நடந்து போனால், “இவனுக்கு ஒண்ணுமே உறைக்கல பாரு” என்கிறார்கள். நானும் நீங்களும் அதைத்தான் செய்கிறோம். நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் நியாயத்தை ஆட்டக்காரருக்குக் கொடுப்பதில்லை.

ஒரு மௌன அஞ்சலி, ஒரு வராத முகம்

2025 ஜூலை 3 அன்று போர்ச்சுகல் ஆட்டக்காரர் தியோகோ ஜோட்டாவும் அவருடைய தம்பியும் ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்தார்கள். மறுநாள், அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், ரியாத்தின் அல் ஹிலால் அணிக்கு கிளப் உலகக் கோப்பைக் காலிறுதி. எதிரணி பிரேசிலின் புளுமினென்சே. ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிட மௌன அஞ்சலி. ஜோட்டாவின் நெருங்கிய நண்பரான ரூபென் நெவெஸ், பக்கத்தில் ஜோவா கான்செலோ, இருவரும் ஹிலாலின் நீலச் சட்டையில் நின்று கண்ணீர் விட்டார்கள். அழுதுவிட்டு ஆடினார்கள். ஹிலால் 1-2 என்று தோற்றது. நெவெஸ் அங்கிருந்து கடல் தாண்டிப் பறந்து, மறுநாள் போர்ச்சுகலின் கோண்டோமாரில் நண்பனின் பெட்டியைத் தோளில் சுமந்தார்.

அந்த இறுதிச் சடங்கில் ரொனால்டோ இல்லை. போர்ச்சுகல் அணியின் தலைவர், ஜோட்டாவோடு பல ஆண்டு ஒன்றாக ஆடியவர், வரவில்லை. ஒரு கோப்பைக்காக மைதானத்தில் அழுதவருக்கு ஒரு சகாவின் சாவுக்கு வர மனமில்லையா என்று உலகமே கேட்டது. சில மாதம் கழித்து ஒரு நேர்காணலில் அவர் காரணம் சொன்னார்: தன் தந்தை இறந்த பிறகு எந்த மயானத்துக்கும் தான் போனதில்லை; தான் போனால் கூட்டமும் கேமராவும் தன்னைச் சுற்றித் திரும்பிவிடும்.

அந்தக் காரணத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜித்தாவில் அவர் அழுதபோது “கேமராவுக்காக” என்றோம். கோண்டோமாரில் கேமராவுக்கு முன் வராதபோது “அக்கறை இல்லை” என்றோம். ஒரே மனிதர் முகத்தைக் காட்டினாலும் குற்றம், காட்டாவிட்டாலும் குற்றம் என்றால், பழுது நம் கையிலிருக்கும் அளவுகோலில்தான் இருக்கிறது.

நெவெஸின் கண்ணீரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது உண்மையான கண்ணீர். ஆனால் அவருடைய அன்பை நமக்கு உறுதியாகச் சொன்னது அந்தக் கண்ணீரைவிட அதற்கடுத்த பயணம். ஆட்டத்தை முடித்து, தோல்வியைச் சுமந்து, இரவோடு இரவாகப் பறந்து, நண்பனின் வீட்டார் பக்கத்தில் நின்றது.

முகம் எதைச் சொல்கிறது?

2012-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஹிலெல் அவியேசர், யாக்கோவ் ட்ரோப், அலெக்சாண்டர் டோடொரோவ் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முக்கியமான புள்ளியை வென்ற அல்லது இழந்த நொடியில் எடுத்த டென்னிஸ் ஆட்டக்காரர்களின் படங்களை எடுத்துக்கொண்டு, முகத்தை மட்டும் வெட்டிச் சிலரிடம் காட்டினார்கள். இவர் வென்றவரா, இழந்தவரா? பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. முகம் இல்லாமல் உடம்பை மட்டும் காட்டியபோது சொன்னார்கள். வென்றவரின் முகத்தைத் தோற்றவரின் உடம்பில் ஒட்டிக் காட்டியபோது, உடம்பைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள்; ஆனால் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னதாக நம்பினார்கள்.

உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது முகம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கோணுகிறது. மகிழ்ச்சியா, வேதனையா என்பதையே முகத்தில் படிக்கத் தெரியாத நாம், அதில் அக்கறை எத்தனை பங்கு என்று படித்துவிட்டதாக நினைக்கிறோம்.

உணர்ச்சியை அடக்கி வைப்பவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1993-இல் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் அருவருப்பூட்டும் படங்களைச் சிலருக்குக் காட்டி, முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று பாதிப் பேரிடம் சொன்னார்கள். அவர்கள் முகத்தை அடக்கினார்கள். ஆனால் மனதில் பட்ட அருவருப்பு குறையவில்லை. உடம்பின் உள் பதற்றமோ சில அளவுகளில் கூடவே செய்தது. முகத்தில் சலனமில்லாதவர் உள்ளேயும் சலனமில்லாதவர் என்று எண்ணுவதற்கு இடமே இல்லை.

அழுகையும் ஆரவாரமும் கற்றுக்கொண்ட வித்தைகள்தானா என்ற சந்தேகத்துக்கும் பதில் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ வீரர்களின் முகங்களை டேவிட் மட்சுமோட்டோ ஒப்பிட்டார். பிறவியிலேயே பார்வையற்றவர்கள், வேறொருவர் முகத்தை வாழ்நாளில் பார்த்தறியாதவர்கள், வெற்றியிலும் தோல்வியிலும் பார்வையுள்ளவர்களைப் போலவே முகம் காட்டினார்கள். ஆகவே அழுகிறவரைப் பார்த்து எடுத்த எடுப்பில் “நடிப்பு” என்பதும் அறியாமை. நடிப்பவர்களும் உண்டு, இடிபடாமலே உருண்டு விழும் கால்பந்துக்காரருக்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டுகிறார். ஆனால் தோற்ற பிறகு வரும் கண்ணீரால் யாருக்கும் பெனால்டி கிடைப்பதில்லை.

தொல்காப்பியம் இதைப் பல நூற்றாண்டுக்கு முன்பே நுட்பமாகப் பார்த்திருக்கிறது. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தெரிவதை எட்டு மெய்ப்பாடுகளாகப் பிரித்து, அழுகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: பிறர் இழிவுபடுத்துவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, வறுமை. இந்த நான்கும் ஒருவருக்கு நேர்ந்தவை. அவர் எவ்வளவு நேசித்தார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணீர் அடிபட்ட இடத்தைக் காட்டும். அடிபடும்வரை ஒருவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பதைக் காட்டாது.

வளைகுடாவிலிருந்து போன இருவர்

இதை விளக்க எனக்கு ரொனால்டோவைவிட நெருக்கமான இருவர் இருக்கிறார்கள். 2020-இல் கொரோனாவால் ஐபிஎல் முழுக்க ஐக்கிய அமீரகத்தில் நடந்தது. துபாய், அபுதாபி, ஷார்ஜா, காலி இருக்கைகள், வெளியே போக முடியாத ஓட்டல் அறைகள். அந்த சீசனில் சன்ரைசர்ஸுக்கு ஆடியவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன். அப்பா நெசவுக் கூலி, அம்மா சாலையோரம் கோழிக்கறிக் கடை. யார்க்கருக்கு மேல் யார்க்கராகப் போட்டு 16 விக்கெட் எடுத்தார். அபுதாபி எலிமினேட்டரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பறித்த பந்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர் ஊருக்குத் திரும்பவில்லை. வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக அமீரகத்திலிருந்து நேரே ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார்.

அதே விமானப் பயணம் போனவர் பெங்களூருக்கு ஆடிய முகமது சிராஜ். ஐதராபாத் ஆட்டோ ஓட்டுநரின் மகன். ஆஸ்திரேலியாவில் தனிமைப்படுத்தலில் இருந்தபோது, 2020 நவம்பர் 20 அன்று அப்பா இறந்துபோனார். வேண்டுமானால் ஊருக்குப் போகலாம் என்று வாரியம் சொன்னது. சிராஜ் இருந்துவிட்டார்.

பிள்ளை பிறந்த சேதி போனில், அப்பா செத்த சேதி போனில். வளைகுடாத் தமிழர்களுக்கு இந்த இரண்டையும் விளக்க வேண்டியதில்லை.

2021 ஜனவரி 7 அன்று சிட்னி டெஸ்ட் தொடங்கும் முன் தேசிய கீதம் ஒலித்தபோது சிராஜின் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. நாடே பார்த்தது. அப்பா நினைவுக்கு வந்தார் என்று பிறகு சொன்னார். நடராஜனின் முகமோ எப்போதும்போலவே இருந்தது. கூச்சம், அளவான சிரிப்பு, விக்கெட் விழுந்தாலும் பெரிய கத்தல் இல்லை. ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவிலும் இந்தியாவுக்கு அறிமுகமான முதல் ஆட்டக்காரர் என்ற பெயர் கிடைத்தபோதும் அதே முகம்.

பிறகு பிரிஸ்பேன். 1988-இலிருந்து ஆஸ்திரேலியா தோற்றறியாத மைதானம். காயத்தால் மூத்த பந்துவீச்சாளர்கள் எல்லாரும் வெளியே. முதல் இன்னிங்ஸில் நடராஜனுக்கு 3 விக்கெட். கூடவே அறிமுகமான சென்னை வாஷிங்டன் சுந்தருக்கும் 3. இரண்டாவது இன்னிங்ஸில் சிராஜுக்கு 73 ரன்னுக்கு 5. ஜனவரி 19 அன்று 328 ரன் இலக்கைத் துரத்தி இந்தியா வென்றது. சிராஜ் ஊர் திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து நேரே அப்பாவின் கபறுக்குப் போனார். நடராஜனைச் சின்னப்பம்பட்டியில் சாரட்டு வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். பிறந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆன மகளை அப்புறம்தான் அவர் பார்த்தார்.

இந்த இருவரில் யாருக்கு அக்கறை அதிகம்? கேள்வியைக் கேட்டுப் பார்த்தாலே அதன் அபத்தம் தெரிகிறது. ஒருவருக்குக் கண்ணீர் வந்தது, ஒருவருக்கு வரவில்லை. இருவரும் கொடுத்த விலை ஒன்றுதான். நடராஜனின் மனதில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமானால், அவர் முகத்தை விட்டுவிட்டு 2023-இல் சின்னப்பம்பட்டியில் அவர் கட்டிய மைதானத்தைப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் தொடங்கிய தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காகச் சம்பாத்தியத்தைப் போட்டு எழுப்பிய ஆடுகளம் அது. தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். கிரிக்கெட்மேல் அவருக்கு இருக்கும் நேசத்துக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

சிரித்த தலைவர்

அதே 2020 அமீரக சீசன் சென்னை ரசிகர்களுக்குக் கசப்பான சீசன். வரலாற்றில் முதல் முறையாக சூப்பர் கிங்ஸ் பிளேஆஃப் போகவில்லை, ஏழாம் இடம். தோற்ற ஆட்டங்களுக்குப் பிறகு தோனி எதிரணி இளைஞர்களுக்குத் தன் சட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார். இளையவர்களிடம் போதிய பொறி தெரியவில்லை என்று அவர் சொன்ன வார்த்தைக்குக் கொந்தளித்தவர்கள், அவரிடமே பொறி இல்லை என்றார்கள். “தோத்துட்டு சிரிக்கிறார், இவருக்கு இனி இதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல” என்ற பேச்சு வளைகுடா மெஸ்களிலும் ஓடியது. ஒரு தோல்விக்குப் பிறகு அவருடைய சிறு மகளைக் குறித்து இணையத்தில் மிரட்டல் எழுதும் அளவுக்குப் போனது. குஜராத்தில் ஒரு சிறுவனைக் காவல்துறை பிடித்தது. அக்கறையின் பெயரால் ரசிகன் எவ்வளவு கீழே போக முடியும் என்பதற்கு அந்த ஒன்று போதும்.

நவம்பர் 1 அன்று அபுதாபியில், சென்னைக்கு இதுதான் உங்கள் கடைசி ஆட்டமா என்று கேட்டபோது, நிச்சயம் இல்லை என்றார் தோனி. 2021 செப்டம்பரில் ஐபிஎல் மறுபடி அமீரகத்துக்கு வந்தது. துபாயில் டெல்லிக்கு எதிரான தகுதிச் சுற்றில் 6 பந்தில் 18 ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். அக்டோபர் 15 அன்று அதே துபாயில் கொல்கத்தாவை 27 ரன்னில் வீழ்த்தி சென்னை கோப்பை வாங்கியது. முந்தைய ஆண்டு சிரித்தவரும் கோப்பை வாங்கியவரும் ஒரே ஆள். அந்த ஓராண்டில் அவர் என்ன உழைத்தார், என்ன யோசித்தார் என்பது எந்தக் கேமராவிலும் பதிவாகவில்லை.

சென்னையின் இன்னொரு சலனமில்லாத முகம் குகேஷ். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சதுரங்கப் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம். எதிராளி டிங் லிரென் 55-வது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். கிட்டத்தட்ட மூன்று வாரமாகக் கண்ணை மூடி, சிலைபோல் உட்கார்ந்திருந்த 18 வயதுப் பையனுக்கு அது புரிந்த நொடியில் முகம் மாறியது. டிங் கைகொடுத்துவிட்டு எழுந்ததும் குகேஷ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே காய்களை எடுத்து மறுபடி தொடக்க வரிசையில் அடுக்கினார்.

அந்த நிமிடத்திலா குகேஷுக்குச் சதுரங்கத்தின்மேல் அக்கறை வந்தது? கண்ணீர் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால், கல்லாக உட்கார்ந்திருந்தபோது அது இல்லையா? சொல்லப்போனால், முகத்தை அப்படிக் கட்டிவைத்திருந்ததே அந்த அக்கறையால்தான். எதிராளி தன் முகத்தில் எதையும் படித்துவிடக் கூடாது. பதற்றம் கையில் இறங்கிவிடக் கூடாது. தோனிக்கும் அதே கணக்கு. கேப்டனின் முகத்தில் பயம் தெரிந்தால், கடைசி ஓவர் போடப் போகிற 20 வயதுப் பையனுக்கு அது தொற்றும். முகத்தைக் காப்பது அவர்களுக்கு வேலையின் ஒரு பகுதி. அந்த வேலையைச் சரியாகச் செய்தவரைப் பார்த்து “இவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை” என்பதைவிட அநியாயம் இல்லை.

அழ யாருக்கு அனுமதி?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அழுகையும் கோபமும் எல்லாருக்கும் ஒரே மதிப்பில் கிடைப்பதில்லை. 2022 செப்டம்பரில் லண்டனில் ஃபெடரர் விடைபெற்ற இரவு, பக்கத்தில் உட்கார்ந்து நடாலும் அழுதார். இரண்டு ஆண்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்தப் படத்தை உலகம் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். 2018 அமெரிக்க ஓபன் இறுதியில் செரினா வில்லியம்ஸ் கோபத்தைக் காட்டியபோது, ஒரு முழு கேம் போனது, 17,000 டாலர் அபராதம் வந்தது. ஆண்கள் இதைவிட மோசமாகப் பேசியும் தப்பித்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். நடுவர் விதிப்படி நடந்தாரா என்பது வேறு விவாதம். ஆனால் அவருடைய கோபத்தை அக்கறை என்று எழுதியவர்களைவிடத் திமிர் என்று எழுதியவர்கள் அதிகம்.

நம் ஊரிலும் இதுதான். ஆண்பிள்ளை தோற்று அழுதால் “பொம்பள மாதிரி அழறான்” என்பார்கள். பெண்பிள்ளை தோற்று அழாமல் நின்றால் “நெஞ்சழுத்தக்காரி” என்பார்கள். அக்கறையை முகத்தில் தேடத் தொடங்கினால், அந்த முகம் எப்படி இருக்க வேண்டும் என்ற நம் பழைய எதிர்பார்ப்புகளைத்தான் அதில் திரும்பப் படிக்கிறோம்.

டோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 1 அன்று கத்தாரின் முதாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்கோ தாம்பேரியும் உயரம் தாண்டுதலில் 2.37 மீட்டரில் சமமாக நின்றார்கள். இரண்டு தங்கம் கொடுக்க முடியுமா என்று நடுவரிடம் கேட்டவர் பர்ஷிம். முடியும் என்றதும் தாம்பேரி அவர்மேல் பாய்ந்தார், ஓடினார், தரையில் உருண்டு கதறினார். பர்ஷிம் அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. இருவருமே ஆட்ட வாழ்வையே முடித்திருக்கக் கூடிய கணுக்கால் காயத்திலிருந்து மீண்டு வந்தவர்கள். ஒரே உயரம், ஒரே தங்கம், ஒரே வலி. உடம்புகள் மட்டும் வேறு.

185.3 ஓவர்

சிராஜிடம் திரும்பப் போக வேண்டும். ஏனென்றால் அழுபவரின் பக்கத்தையும் அவரே நிறைவாகச் சொல்கிறார். 2025 ஜூலை 14, இங்கிலாந்துக்கு எதிரான லார்ட்ஸ் டெஸ்ட். இந்தியாவுக்கு இன்னும் 23 ரன் மட்டும் தேவை. கடைசி விக்கெட்டாக சிராஜ். பஷீரின் பந்தைத் தடுத்துதான் ஆடினார். பந்து உருண்டு போய் ஸ்டம்பைத் தொட்டுப் பெயில்ஸை விழவைத்தது. அவர் மட்டையோடு குத்தவைத்துக் கண்கலங்கினார். இங்கிலாந்துக்காரர்களே வந்து தேற்றினார்கள்.

ஆகஸ்ட் 3, அதே தொடரின் ஓவல் டெஸ்ட். ஹாரி புரூக் 19-இல் இருந்தபோது கொடுத்த கேட்ச்சைப் பிடித்துவிட்டு எல்லைக்கோட்டை மிதித்தார் சிராஜ். புரூக் 111 வரை போனார். சிராஜ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்ட காட்சி அன்று முழுக்க டிவியில் ஓடியது. தொடர் அவரால் போய்விட்டது என்று பேச்சு.

மறுநாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தார். இணையத்தில் ரொனால்டோவின் படம் ஒன்றைத் தேடி எடுத்துக் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார். நம்பு என்று எழுதியிருந்த படம் என்று ஆட்டம் முடிந்ததும் அவரே சொன்னார். அன்று 5 விக்கெட்டை நிறைவுசெய்து, கடைசி ஸ்டம்பையும் அவரே பறித்தார். இந்தியா 6 ரன்னில் வென்றது, தொடர் சமன். விக்கெட் எடுத்தால் ரொனால்டோ மாதிரியே எகிறிக் கைகளை விரிப்பது அவர் வழக்கம்.

முதல் நாள் முகத்தை மூடியவரும் மறுநாள் கைகளை விரித்தவரும் நம் நினைவில் நிற்கிறார்கள். ஆனால் என்னை உலுக்கியது வேறொரு எண். அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டிலும் ஆடி, அவர் போட்ட ஓவர்கள் 185.3. ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட பந்துகள். ஒவ்வொன்றுக்கும் முழு ஓட்டம். அதில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு எந்த முகபாவமும் கிடையாது. மூச்சு வாங்கித் திரும்பி நடப்பது மட்டும்தான். 23 விக்கெட் அந்த நடையிலிருந்து வந்தது. சிராஜின் அக்கறையை யாராவது அளந்தே ஆக வேண்டுமென்றால், அளவு அங்கே இருக்கிறது.

ரொனால்டோவுக்கும் இதே நியாயம்தான். ஜித்தாவில் அழுத ஒரே மாதத்தில், 2024 ஜூலை 1 அன்று, ஐரோப்பியக் கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக அவருடைய பெனால்டியை அந்த அணியின் கோல்காவலர் ஓப்ளாக் தடுத்தார். ஆட்டம் இன்னும் முடியாதபோதே, கூடுதல் நேர இடைவேளையில் அழுதார். மறுபடி ஏளனம். பிறகு பெனால்டி சுற்றில் முதல் ஆளாக நடந்து போய் அடித்து, கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அழுகை அவருடைய பலவீனத்தையும் காட்டவில்லை, மேன்மையையும் காட்டவில்லை. அழுத பிறகும் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு முதலில் போனதுதான் சொல்லத் தகுந்தது.

பார்க்க வேண்டியது

அப்படியானால் அக்கறை இல்லாத ஆட்டக்காரர்களே கிடையாதா? உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. பந்தை இழந்ததும் திரும்பி ஓடுகிறாரா, இடுப்பில் கை வைத்து நிற்கிறாரா? தனக்கு வராத வாய்ப்பில் அடுத்தவருக்காக ஓடுகிறாரா? காயத்திலிருந்து திரும்பும்போது உடம்பு தயாராக இருக்கிறதா? ஃபார்ம் போனபோது பயிற்சிக்கு முதலில் வருகிறாரா? தோற்ற மறுநாள் என்ன செய்தார்? இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் விஷயங்கள்தான். ஆனால் பார்ப்பதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். கேமரா முகத்துக்கு அருகில் போய்க் காட்டும் பத்து நொடியில் இவை கிடைக்காது. அந்தப் பத்து நொடிதான் பகிர எளிது, திட்ட எளிது, கொண்டாட எளிது. அதனால்தான் நாம் அதைப் பிடித்துக்கொள்கிறோம்.

நாம் ஏன் அவர்கள் அழ வேண்டும் என்று விரும்புகிறோம் என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நமக்கு வலிக்கிறது, அந்த வலியில் துணை தேடுகிறோம். பத்தாவில் வாரம் முழுக்க உழைத்து, ஒரே ஒரு ராத்திரி ஓர் அணிக்காக விழித்திருப்பவருக்கு அந்தத் தோல்வி உண்மையில் வலிக்கும். அந்த அணி அவருக்கு ஊர். வேறு எதுவும் கையில் இல்லாத இடத்தில் அது ஒரு பிடி. ஆட்டக்காரர் கண்ணில் நீரைப் பார்த்தால் தனக்கு ஆள் இருக்கிறது என்று தோன்றும். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நம் வலிக்கு ஆறுதல் தேடுவது வேறு. அந்த ஆறுதலைத் தராதவரைக் குற்றவாளி ஆக்குவது வேறு.

பத்தா வரும் பலருக்கு விடியலில் இன்னொரு வாழ்க்கை உண்டு. ராத்திரி டூட்டி முடித்து, தூங்காமல், வெள்ளிக்கிழமை வெயில் ஏறும் முன் ரியாத் ஓரத்து வெட்டவெளிகளில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடுகிறவர்கள். சரளைக் கல்லில் விழுந்து முழங்கை தேய்ந்தாலும் அடுத்த வாரம் வருவார்கள். அணிக்குச் சந்தா, சட்டைக்குக் காசு, வண்டிக்குப் பெட்ரோல், எல்லாம் ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சியதிலிருந்து. தோற்றால் ஒருவர் கத்துவார், ஒருவர் பேசாமல் ஸ்டம்பைப் பிடுங்கிப் பையில் போடுவார். இந்த இரண்டாமவருக்கு ஆட்டத்தின்மேல் பிரியம் குறைவு என்று அந்த அணியில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அவர் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தது எல்லாருக்கும் தெரியும்.

நமக்குத் தெரிந்தவர்களிடம் இந்த நிதானம் நமக்குத் தானாக வருகிறது. அவர்களுடைய நாள்களைப் பார்த்திருக்கிறோம். முகத்தைத் தனியாக விசாரிக்க வேண்டிய தேவை இருப்பதில்லை. ஆட்டக்காரரிடம் நாள்களைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்க்கிறோம், அதனால் தவறுகிறோம்.

ஆகவே அடுத்த முறை ஒருவர் அழுதால் அவரை அழ விடுவோம். அது அவருடைய இழப்பு, நமக்குக் காட்டிய சான்றிதழ் அல்ல. ஒருவர் அழாமல் நடந்து போனால் அவரையும் போக விடுவோம்; அறைக் கதவு மூடிய பிறகு அவருக்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. சம்பளத்துக்கு ஏற்ற உழைப்பு வேண்டும் என்று கேட்பது ரசிகனின் உரிமை. ஓட்டத்தைக் கேளுங்கள், உடல்தகுதியைக் கேளுங்கள், நேர்மையைக் கேளுங்கள். இவற்றில் குறை வைத்தால் தயங்காமல் விமர்சியுங்கள். கண்ணீரை மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போனில் சிரித்துவிட்டு டூட்டிக்குப் போகும் லட்சக்கணக்கானவர்களிடம் கேட்கத் துணியாத ஒன்றை, வேறு எந்த உழைப்பாளியிடமும் கேட்க நமக்கு உரிமை இல்லை.